இரண்டு பாக்கெட்

பள்ளிக்கூடத்தில் ‘வளர்ந்தால் நான்’ என்று ஒரு விழா வைத்தாலும் வைத்தார்கள், ஒரு வாரமாக என் தையல் கடையில் மூச்சுவிட நேரமில்லை. பையன்களுக்கு விமானி, போலீஸ், விஞ்ஞானி. பெண் பிள்ளைகளுக்கு டீச்சர், நர்ஸ், மறுபடியும் டீச்சர். அம்மாக்கள்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

வாலு மட்டும் தனியாக வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். வயது ஒன்பது, வாய்க்கு வயது ஐம்பது. அப்பாவின் பழைய நீல ஓவராலை மேசைமேல் போட்டாள்.

“டெய்லர் அத்தை, இத எனக்குச் சின்னதாக்கிக் குடுங்க. நான் லிஃப்ட் மெக்கானிக்.”

“உங்கப்பா என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. நர்ஸ் டிரெஸ் போட்டா அழகா இருப்பேனாம். லிஃப்ட் எப்படி நிக்குதுன்னு மேடையில நான் சொல்றத கேக்கட்டும். அப்புறம் சிரிக்க மாட்டாரு.”

இரண்டு நாள் அந்த முரட்டுத் துணியோடு மல்லுக்கட்டினேன். விழாவன்று காலை ஒன்பது மணிக்கு, ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் டெஸ்டரோடு வந்து நின்றாள். போட்டுவிட்டேன். அவ்வளவு கச்சிதம். எனக்கே பெருமையாக இருந்தது.

கண்ணாடி முன்னால் நின்று ஸ்பானரை நெஞ்சருகே கொண்டுபோனாள். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடியும் முயன்றாள்.

“பாக்கெட் எங்க அத்தை?”

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி பாக்கெட்டு?”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு நான் பாக்கெட் வைத்ததே இல்லை. யாரும் கேட்டதில்லை, என் கைக்கும் அது பழகிப்போச்சு. எண்ணெய் ஊறிக் கிழிந்திருந்த பழைய பாக்கெட்டுகளை நேற்றே பிரித்துக் குப்பையில் போட்டிருந்தேன்.

“ரெண்டு கையிலயும் இத வச்சுக்கிட்டு நான் எப்படிச் செஞ்சு காட்டுவேன்?” என்றாள். குரல் கம்மிவிட்டது. “அப்பா திரும்பவும் சிரிப்பாரு.”

என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

துணிப்பெட்டியின் அடியில் ஒரு காக்கிச் சட்டை இருக்கிறது. பஸ் டிரைவர்களுக்குக் காக்கி தைப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒன்றை மட்டும் இருபத்திரண்டு வயதில் என் அளவுக்குத் தைத்தேன். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு எப்போதாவது போட்டுப் பார்ப்பேன். வாசலைத் தாண்டியதில்லை. அதன் இரண்டு பாக்கெட்டையும் பிரிக்க ஆரம்பித்தேன்.

“யாரோட சட்டை?”

“யாரோ தைக்கக் குடுத்தாங்க. வாங்க வரல.”

நீலத்தில் காக்கி, பார்க்கச் சகிக்கவில்லை. வாலுவுக்கோ தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்கு மேடை. தனியாக அனுப்ப மனம் வராமல் கடையைப் பூட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். டிரைவருக்குப் பின் இருக்கை. அங்கே உட்கார்ந்தால்தான் எனக்குச் சரிப்படும். அவர் போட்டிருந்த சட்டையின் காலர் என் தையல். அந்தப் பெரிய ஸ்டியரிங் அவர் கைக்குள் சுழல்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. நாற்பத்தாறு வயதிலும் அது குறையவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

“தூக்கறது கயிறு, பிடிச்சு நிறுத்தறது பிரேக்கு,” என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த வாலு சட்டென்று நிறுத்தினாள்.

“அத்தை, சின்ன வயசுல நீங்க என்ன ஆகணும்னு நெனச்சீங்க?”

இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.

“டெய்லர்தான்.”

“பொய்.” ஸ்பானரால் என் வலது காலைக் காட்டினாள். “ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நீங்களும் பிரேக் போடுறீங்க.”

குனிந்து பார்த்தேன். செருப்பு தரையோடு அழுந்தியிருந்தது. எத்தனை வருடமாக இப்படியோ, தெரியவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மறுபடியும் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினாள்.

பள்ளிக்கூட வாசலில் அவள் அப்பா காத்திருந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு வரப் பார்த்தது, ஸ்பானர் பாக்கெட்டில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“யாருதும்மா இந்தக் காக்கி பாக்கெட்டு?”

“டிரைவர் அத்தையோடது,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.