இடுப்புத் தையல் சொன்ன சான்று

“இடுப்பு ரெண்டு விரக்கடை குறையலேன்னா கல்யாணமே வேண்டாங்கறீங்களா அத்தை?”

“எங்க வீட்டு மருமக எவளும் இந்தக் கல்யாண அங்கியைப் பிரிச்சுத் தைச்சதில்ல, நான் உட்பட! நீ மட்டும் என்ன, வானத்துலேர்ந்தா குதிச்சே?”

வெயிலேறிய கூரைகள் உருக்கிய செம்பென ஒளிர, வண்டியிரைச்சல் ஓய்ந்து தெருவே கண்ணயரத் தொடங்கிய நண்பகலில், மாடிச் சாளரத்தின் வழியே இச்சொற்கள் பாய்ந்து வந்தனவெனில், எதிர்வீட்டார் பிழிந்த துணியையே ஏழுமுறை பிழிந்தது குற்றமாகுமோ?

மணநாளுக்குப் பதினெட்டு நாள்களே இருந்தன. நான்கு தலைமுறை மருமகள்கள் உடுத்ததாகப் பேர்பெற்ற தேன்நிறப் பட்டு அங்கிக்குள் புகும்பொருட்டு, மூன்று வாரமாய் வெள்ளரிக்காயும் வெந்நீருமாய் மெலிந்த மணப்பெண், கூண்டுப் புலிபோல் அறையை அளந்துகொண்டிருந்தாள். அங்கி பிரித்துத் தைக்கப்படாதது என எழுதி வாங்கி அவள் வாயையடைக்க எண்ணிப் பழந்துணி ஆய்வாளரை அழைத்தவர் வருங்கால மாமியாரே. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்வார் எவ்வூரிலும் உளர் அன்றோ!

ஆய்வாளர் வெள்ளை விரிப்பில் அங்கியைப் பரப்பி, உருப்பெருக்கியால் இழையிழையாய் நோக்கினார். ஆண்டுதோறும் அதே மடிப்பில் மடித்து, கத்தி முனைபோல் நிற்கவேண்டுமென்று சலவைப்பெட்டியால் அழுத்திய குடும்பப் பெருமையால், மடிப்பெங்கும் நெடுக்கிழைகள் அற்று, குறுக்கிழைகள் மட்டுமே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. பின்னர் இடுப்பின் உட்புறத்தைத் திருப்பினார்.

“இதை இனி யாரும் உடுத்த முடியாதும்மா, மூச்சுவிட்டாலே கிழியும். அப்புறம், இடுப்பை ஒருதடவை மூணு விரக்கடை பிரிச்சு விட்டுட்டு, திரும்பப் பிடிச்சிருக்காங்க. பழைய ஊசி ஓட்டையில மாட்டியிருக்கறது நைலான் நூல். உங்க மாமியார் காலத்துல அது ஏது?”

செய்தித்தாளுக்குப் பின்னிருந்து வருங்கால மாமனார் தலைநீட்டினார். “நம்ம கல்யாணத்தப்போ தையக்காரர் வீட்டுக்கே வந்துதானே உனக்குப் பிரிச்சுக் குடுத்தாரு? மறந்துட்டியா?”

மாமியாரின் முகம் நனைத்த தாளெனச் சுருங்கியது. எல்லோர் கண்ணும் கதவோரம் நின்ற மணமகன்மேல் திரும்ப, அவன் தொண்டையைச் செருமினான்.

“இருந்தாலும், பெரியவங்களை எதிர்த்துப் பேசினது தப்பு. அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுடு.”

“பட்டினி கெடந்தவ நான். மன்னிப்பும் நானே கேக்கணுமா?”

மெலிந்த விரலினின்று தடையின்றி நழுவிய நிச்சயதார்த்த மோதிரத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, பழத்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

மறு ஆண்டே அவள் ஒரு மரத்தச்சரை மணந்து ஆற்றுக்கு அப்பால் குடிபெயர்ந்தாள். மணமகனோ நான்காண்டு கழித்து மணந்தான். வந்த மருமகள், அங்கியென்ற பேச்செடுக்குமுன்னே அவனை வேற்றூருக்கு அழைத்துச் சென்றுவிட்டாள். மாடி வீட்டில் இப்போது மாமனாரும் மாமியாரும் மட்டுமே. அவர்களும் பேசிக்கொள்வதாய்த் தெரியவில்லை.