பாதியில் நின்ற பதினொரு பேர்

காலை ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெலிசியாவின் போனுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் டாக்டர். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்த மாத்திரை ஒன்றைக் கடலூர் மீனவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 'நல்ல பலன், பக்கவிளைவு ஏதுமில்லை' என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள். அச்சேற்றும் முன், அதே துறையில் இருக்கும் வேறொரு மருத்துவரிடம் கொடுத்து இதழ் சரிபார்க்கச் சொல்லும். அவர் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

'நூறு பேருடன் தொடங்கியிருக்கிறீர்கள். முடிவில் இருப்பது எண்பத்தொன்பது பேர். மற்றவர்கள் என்ன ஆனார்கள்?'

பெலிசியாவுக்குச் சுருக்கென்றது. பாதியில் நின்றவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது அவள் மருத்துவமனையில் வழக்கமாகவே ஆகியிருந்தது.

துறைத் தலைவர் கார்த்திகேசன் சிரித்தார். "இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? சொந்தக் காரணத்தால நின்னுட்டாங்கன்னு ஒரு வரி எழுதும்மா. இல்லாட்டி வேற இதழுக்கு அனுப்பு. அங்க என் கிளாஸ்மேட் ராஜவேல்தான் கட்டுரையச் சரிபாப்பான். அவன் எனக்கு பாஸ் போடுவான், நான் அவனுக்குப் போடுவேன்."

எழுத உட்கார்ந்தாள், மனம் வரவில்லை. சொந்தக் காரணம் என்றால் என்ன காரணம்? மாதக்கணக்கில் அவர்களோடு இருந்த தனக்குத் தோன்றாத கேள்வி, எங்கோ இருப்பவருக்கு எப்படித் தோன்றியது? அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை கடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கும் பூவம்மாள்தான் முதலில் கிடைத்தாள். பதினொரு பேரில் அவளும் ஒருத்தி, அவள் கணவர் தாண்டவராயன் இன்னொருவர்.

"மாத்திரைய ஏன்மா நிறுத்திட்டீங்க?"

"குந்தியிருந்து எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு டாக்டரம்மா. நானாவது தரையில வுழுந்தேன். எங்க வூட்டுக்காரரு போட்லேருந்து தண்ணியில வுழுந்துட்டாரு. கூட இருந்தவங்க தூக்கலன்னா அவ்ளோதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஏன் வரலன்னு நீங்க கேப்பீங்கன்னு பாத்தோம். இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?"

"இன்னொரு டாக்டர் கேட்டாங்க. அவுங்க யாருன்னு எனக்கே தெரியாது."

பூவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரோ மூஞ்சி தெரியாதவங்களுக்கு இருக்குற அக்கறை, கையப் புடிச்சு பிரஷர் பாத்த உங்களுக்கு இல்லாம போச்சே!"

பெலிசியா தலைகுனிந்தாள். இருவரையும் வேறு மருந்துக்கு வரச் சொல்லிவிட்டு மற்றவர்களையும் தேடிப் பிடித்தாள். ஒருவர் பிழைப்புக்குக் கேரளா போயிருந்தார். மற்ற எல்லோருக்கும் அதே தலைசுற்றல்தான்.

திருத்திய கட்டுரையைப் படித்த கார்த்திகேசனின் முகம் சுருங்கியது. "இதையெல்லாம் போட்டா நம்ம முடிவே சப்புன்னு ஆயிடுமே!"

"ஆகட்டும் சார். நாம முதல்ல எழுதுனது அச்சாகியிருந்தா, அத நம்பி எங்கயோ ஒரு டாக்டர் இன்னொரு மீனவருக்கு எழுதிக் கொடுத்திருப்பாரு. அந்தப் போட்ல தூக்கிவிட ஆள் இல்லன்னா?"

அவர் கட்டுரையை முதலிலிருந்து இன்னொரு முறை படித்துவிட்டு, "அனுப்பு" என்றார். கட்டுரை தலைசுற்றலையும் சேர்த்தே அச்சில் வந்தது.

சில வாரம் கழித்து, கார்த்திகேசனின் அறைக்குள் பெலிசியா நுழைந்தபோது போனில் ராஜவேலின் குரல் வெளியே கேட்கும் அளவுக்குக் கத்தியது. "என்னடா மச்சான், நீதான் சரிபாக்குறேன்னு எனக்குத் தெரியாதா? என் பேப்பருக்கே கேள்வியா? பாதியில நின்னவங்க எங்கன்னு கேட்டிருக்க?"

"கேக்கத்தான்டா என்னை வச்சிருக்காங்க" என்றார் கார்த்திகேசன். "இத்தனை நாளா படிக்காமலே உனக்கு பாஸ் போட்டேன். அத நட்புன்னு நெனச்சேன். நாம ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேள்வி கேக்காம விட்டா, அந்த மாத்திரைய முழுங்குறவன்தான்டா அதுக்கு விலை குடுக்குறான். போய் அவுங்களப் பாத்துட்டு வா."