அட்டையில் இருந்த ரோஜா

கச்சேரி ரோட்டு அத்தர் கடையில் கலவை போடுவது இனாயத். தம்பி வாஜித் கல்லாவைப் பார்த்துக்கொள்வான். ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் ஆராய்ச்சிக்கு ஆள் தேடியபோது, நோயாளிகளோடு ஒப்பிடக் கோளாறு இல்லாதவர் என்ற கணக்கில் இனாயத் போனார். முகர்ந்து பார்க்கக் கொடுத்த வாசனை அட்டைகளில் பாதிக்குமேல் தவறாகச் சொன்னார். பார்க்கின்சன் நோய் வந்தால் கைநடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மூக்கு மந்தமாகலாம், இன்னும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“அட்டைல கீறது ரோஜாவா? கெமிக்கல். நம்ம மூக்குக்கு அதெல்லாம் ஏறாது,” என்றார் இனாயத், கடைக்குத் திரும்பியதும்.

வாஜித் ஒரு குப்பியைத் திறந்து அண்ணனின் புறங்கையில் தடவினான். “இது இன்னா சொல்லு பாய்.”

இனாயத் முகர்ந்தார். நிறத்தைப் பார்த்தார். “ஊத். அகில் கட்ட அத்தர், நல்லா பழசு.”

“நல்லெண்ணெய். வூட்லேர்ந்து எடுத்தாந்தேன். இனிமே கலவைல கை வைக்காத. வாங்கினு போறவன்லாம் சிரிக்கிறான்.”

இனாயத் புறங்கையைத் துணியில் துடைத்தார்.

“இந்த எடத்த நீயே வெச்சிக்க,” என்று இனாயத் எழுந்தார். “அத்தாவுக்கும் கை ஆடுறதுக்கு முன்னாடி மூக்குதான் போச்சு. நீயும் அவரு புள்ளதானே?”

படியிறங்கித் திரும்பிப் பார்த்தார். வாஜித் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தான்.