வெள்ளிக்கிழமைக் கோழி

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கியதிலிருந்து ஞானப்பிரகாசத்தின் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவர் வெற்றிலையை விட்டார், காப்பியை விட்டார், ஒருசந்தி என்று பகல் சோற்றோடு நிறுத்திக்கொண்டார். கோபத்தை மட்டும் விடவில்லை. உலகச் சண்டை நடந்த காலம் அது. கடலூரில் அரிசியே கூப்பனுக்குத்தான் கிடைத்தது. ஊரே பாதி ஒருசந்திதான். "அவுரு பட்டினி கெடக்குறாரு, எரிச்சல நாம சாப்புடுறோம்" என்று மனைவி மதலேனம்மாள் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

எரிச்சலுக்குக் காரணம் பசியல்ல. பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவருக்குப் பங்குச் சாமியார் பாவப் பொறுத்தல் கொடுக்கவில்லை. "கூடப் பொறந்தவகிட்ட மொகங்கொடுத்துப் பேசாதவனுக்கு என்னா தபசு? மொதல்ல போயி சமாதானமாயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். பொறுத்தல் இல்லாமல் பாஸ்காவுக்கு, அந்த ஈஸ்டர் பூசையில், நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க முடியாது. தெருவே முன்னால் போய் முழந்தாளிடும்போது கோர்ட்டு குமாஸ்தாவான அவர் மட்டும் பின்னால் தூண்போல நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

தங்கை அமிர்தம் சிதம்பரத்துக் கண்ணாயிரத்தைக் கட்டிக்கொண்டு போனவள். அவன் இந்து, அண்ணாமலை நகரில் அட்டெண்டர் வேலை. தாயார் இறந்த அன்று அவள் விழுந்தடித்து ஓடிவந்தபோது ஞானப்பிரகாசம் வாசற்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தட்டித் தட்டிக் கை ஓய்ந்து திரும்பினாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிதம்பரம் போகும் ரயிலில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆலப்பாக்கத்தில் எழுந்தார், புதுச்சத்திரத்தில் உட்கார்ந்தார், கிள்ளையில் மறுபடி எழுந்தார். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: "நடந்தது நடந்துபோச்சு, இனிமே பேசிக்குவோம்." சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்துவிட வேண்டும். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் அப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

கண்ணாயிரம் அவரைக் கண்டதும் ஒரு நிமிஷம் திகைத்து நின்றான். பிறகு, "வாங்க மச்சான், வாங்க! அமிர்தம், யாரு வந்திருக்காங்க பாரு!" என்று வீடே அதிரக் கத்தினான். அமிர்தம் எட்டிப் பார்த்தாள். "வாங்கண்ணா" என்றாள், உள்ளே போனாள். கண்ணாயிரம் பாய் போட்டான், விசிறி கொடுத்தான், கொல்லைப்பக்கம் ஓடினான். கோழி ஒன்று கத்தியது; சட்டென்று நின்றது. தன் வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்த ஞானப்பிரகாசத்தின் காதில் அது ஏறவில்லை.

மத்தியானம் இலை போட்டார்கள். அமிர்தம் சோற்றைப் போட்டுக் கோழிக்குழம்பை ஊற்றியதும் அவருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம! தபசு காலம்! கவுச்சி சேக்காத சுத்தபோசனம்கூட மறந்துபோச்சா உனக்கு? இவங்கூட வந்த அன்னிக்கே எல்லாத்தையும் தொலச்சிட்டியே!"

கண்ணாயிரத்தின் முகம் செத்துவிட்டது. "எனக்குத் தெரியாது மச்சான். அவ ஒண்ணும் மறக்கல. இந்த நாள்ல அவ கவுச்சியத் தொடவே மாட்டா. எங்க ஜனங்க வெரதம் மாதிரின்னு நெனச்சேன், விருந்தாளிக்குக் கெடையாதுன்னு நெனச்சிட்டேன்."

"தெரிஞ்சிதான் சமச்சேன்" என்றாள் அமிர்தம். குரல் உயரவே இல்லை. "முட்ட வெச்சிட்டிருந்த கோழி. மச்சான் வந்துட்டாருன்னு சந்தோஷத்துல அறுத்துட்டு வந்து நின்னாரு. வாணாம்னு அவரு மொகத்துல அடிக்க எனக்கு மனசு வரல. மொகத்துல அடிக்கிறது உங்களுக்குத்தான் வரும்."

ஞானப்பிரகாசம் கையை உதறி எழப் பார்த்தார், பாதியில் உட்கார்ந்துவிட்டார். ரயிலில் உருட்டிய வாக்கியம் எங்கோ போய்விட்டது. யாரிடமும் சொல்லாதது, சாமியாரிடம்கூடச் சொல்லாதது, தானாக வாயில் வந்தது.

"அம்மா உன்னத்தான் கேட்டாங்க. மூணு நாளா கேட்டாங்க. 'அமிர்தம் வந்துட்டாளா'ன்னு. ஆளனுப்பியிருக்கேன்னு சொன்னேன். அனுப்பல. வாசலையே பாத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

அமிர்தத்தின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவர் தலைநிமிரவில்லை. வெட்கமாக இருந்தது, செத்துப்போகலாம்போல வெட்கமாக இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாதுண்ணா. சாமியாரு கேட்டா அப்பிடியே சொல்லுங்க. பாஸ்காவுக்கு நானே வரேன். அம்மாவப் பொதச்ச எடத்தக் காட்டுங்க. தெரு பாக்கத்தான் வருவேன். தனியா வரமாட்டேன்."

அப்படியானால் பொறுத்தல் கிடைக்காது. பாஸ்காவன்று தெருவே முன்னால் போகும்போது இவர் பின்னால்தான் நிற்க வேண்டும். அதைப் பார்க்க அவளும் வருவாள். கோபம் வரும் என்று ஞானப்பிரகாசம் காத்திருந்தார். வரவில்லை.

சோற்றைக் குழம்போடு பிசைந்தார். கண்ணாயிரம் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான். "வாணாம் மச்சான், வெரதம் கெட்டுடும்!"

"அது எப்பவோ கெட்டுப்போச்சி" என்றார் அவர். "கைய வுடுங்க மாப்ள. பாஸ்காவுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க."

கண்ணாயிரம் கையை விட்டுவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் அவனை மாப்ள என்று கூப்பிட்டதில்லை.