ஒன்பதாம் கல், எட்டுப் பத்து

உலகத்தின் மாபெரும் பழிவாங்கல்கள் எல்லாம் பொறுமையில் பிறந்தவை. சிம்மாசனங்கள் கவிழ்ந்ததும் கோட்டைகள் எரிந்ததும், யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்ததால்தான். அப்படிப்பட்ட ஒரு பழிவாங்கலின் திட்டம், பஸ் டிப்போவில் ரத்தான கால அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில், 'பிளாஸ்க் ஒன்று, அவித்த முட்டை பன்னிரண்டு' என்று தொடங்கியது.

எழுதியவர் அந்த டிப்போவில் இருபத்திரண்டு வருஷமாக அட்டவணை போடுகிறவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சுத்தமாகக் கோடு போட்டு எழுதித் தருவார். எந்த பஸ்ஸும் அந்த நேரத்துக்கு அங்கே நின்றதில்லை. அது பஸ்ஸின் குற்றம் என்பது அவர் கட்சி. டிரைவர்கள் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

எதிரி, அவருடைய சகலை. மனைவியின் அக்கா புருஷன். கடைத்தெருவில் மலையேறுகிறவர்களுக்கான ஷூ விற்கும் கடை வைத்திருந்தார். அவர் இதுவரை ஏறிய பெரிய சிகரம், மேல் தட்டிலிருந்து ஷூ பெட்டி எடுக்கிற அலுமினிய ஏணி. ஆனாலும் வீட்டு ஹாலில்கூட பூட்ஸோடுதான் நடப்பார். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் கைப்பிடியைப் பிடித்து நின்று, "உயரம்ங்கறது கால்ல இல்ல தம்பி, மனசுல இருக்கு" என்பார். மனசு மட்டும் மேலே போய்விட்டு வரும்.

பகையின் கதை சின்னது. போன வருஷம் இரண்டு குடும்பமும் ஏரிக்கரைக்குப் போயிருந்தபோது, ஓர் ஓடையின் மேல் இரண்டு பலகை போட்டிருந்தார்கள். நிமிஷம் அதை நாலு காலில் கடந்தார். கீழே தண்ணீர் கணுக்கால் அளவு. சகலை அதைப் பின்னாலிருந்து போட்டோ எடுத்தார். பின்னாலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று சாயங்காலமே அது நாற்பத்து மூன்று பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் முகப்புப் படமாகிவிட்டது. குரூப்புக்கு ஒரே அட்மின் சகலை. மாமியார் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "சின்ன மாப்பிள்ளை தவழ ஆரம்பிச்சுட்டாரு. சீக்கிரமே நடந்துடுவாரு."

நிமிஷம் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே போட்டார். அதன்பின் பதினொரு மாதம், குரூப்பில் யார் காலை வணக்கம் சொன்னாலும் முதலில் கண்ணில் பட்டது அவருடைய பின்பக்கம்தான்.

பொறுத்திருப்பார். ஆனால் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த மாசம் சம்பந்தி வீட்டு ஆளுங்களையும் நம்ம குரூப்புல சேர்த்துடணும்னு அக்கா சொல்றா."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "அந்தப் படத்தோடயா?"

"அத்தான்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்களேன்."

"சொன்னேனே. 'இதைவிட நல்ல படம் கிடைக்கட்டும், மாத்திடலாம் தம்பி'ங்கறாரு."

"அப்போ நல்ல படம் ஒண்ணு எடுங்க."

மனைவி சும்மா சொன்னாள். நிமிஷத்துக்கு அது உத்தரவாகக் கேட்டது.

ஏரிக்கரையிலிருந்து காட்டுக்குள் பத்து நிமிஷம் நடந்தால் ஓர் அருவி உண்டு. அருவி என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு ஆள் உயரம். அகலம், கதவைத் திறந்து வைத்த பீரோ அளவு. அதன் முன்னால் குட்டை, குட்டையைக் கடக்க வரிசையாகப் பதினொரு கல். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, டிப்போவில் ஆடிட் என்று சொல்லிவிட்டு, நிமிஷம் அங்கே போனார்.

"ஆடிட்டுக்குப் போனவருக்கு முழங்கால்ல ஏங்க பாசி?" என்றாள் மனைவி.

"பழைய ஃபைல். அப்படித்தான் இருக்கும்."

ஆராய்ச்சியின் முடிவுகள் இவை. ஒன்பதாம் கல்லில் பாசி அதிகம், போதாததற்கு ஆடவும் செய்யும். அதிலிருந்து விழுந்தால் முழங்கால் தண்ணீர், அடியில் மணல். எலும்பு முறியாது, மானம் மட்டும் போகும். இதை அவர் அனுமானத்தில் எழுதவில்லை. இரண்டு முறை தாமே விழுந்து உறுதி செய்துகொண்டார். ஏரிக்கு மேலே வரும் சூரியனின் வெளிச்சம் சரியாக எட்டுப் பத்துக்கு ஒன்பதாம் கல்லின் மேல் விழும். ஏரிப் பக்கமிருந்து குட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறையிலிருந்து பார்த்தால் விழுகிறவரின் முகம், வயிறு, பூட்ஸ் எல்லாம் தெளிவாகத் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொன்ன பெரியவர்கள், எந்தக் கல்லில், எத்தனை மணிக்கு என்று சொல்லாமல் விட்டார்கள். அந்தக் குறையை நிமிஷம் தீர்த்துவைத்தார்.

அட்டவணையில் சகலைக்கென்று தனி நேரம் ஒதுக்கினார். பூட்ஸ் கயிறு கட்ட ஆறு நிமிஷம். புறப்படும்முன் இடுப்பில் கைவைத்துக் காட்டைப் பார்க்க மூன்று நிமிஷம். வழியில் மூச்சு வாங்கவும், அதை மறைக்க மரங்களைப் பற்றிப் பேசவும் ஒன்பது நிமிஷம். கல்லுக்கு அரை நிமிஷம் வீதம் உபதேசம். கூட்டிப் பார்த்தால் எட்டுப் பத்து. அந்த வரிசைக்கு எதிரே 'சகலை, இறக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வேலையையும் அவர் இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.

பிறகு போன் போட்டார். "அண்ணே, சின்னதா ஒரு மலையேற்றம். நீங்கதான் முன்னாடி போகணும். எங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?"

"நீ வருவியா தம்பி? பலகை கிலகை இல்லையே?"

"இல்லண்ணே. கல்லுதான்."

"கல்லா? நம்ம பூட்ஸுக்கு வெண்ணெய்!"

"அதேதான் அண்ணே" என்றார் நிமிஷம். போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உலக அதிசயம் ஒன்று நடந்தது. அவர் போட்ட அட்டவணைப்படி ஒரு காரியம் ஓடியது. கயிறு ஆறு நிமிஷம். இடுப்பில் கை மூன்று நிமிஷம். மரங்களைப் பற்றிய பேச்சு ஒன்பதுக்குப் பத்தாகப் போனதை, "அண்ணே, வெயில் ஏறிடும்" என்று சொல்லிச் சரிக்கட்டினார். எட்டு ஐந்துக்கு சகலை முதல் கல்லில் கால் வைத்தார். பெண்கள் இருவரும் கரையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிமிஷம் மொட்டைப் பாறைக்குப் போனார். அதன்மேல் நிமிர்ந்து நடக்க அவரால் முடியவில்லை. தமக்குப் பழக்கமான முறையில் போனார். நுனிக்கு நாலைந்து அடி முன்னாலேயே நின்றுகொண்டு ஒரு கையை மட்டும் தூக்கி அதில் போனைப் பிடித்தார். ஏரி முதுகுக்குப் பின்னால், சூரியனும் முதுகுக்குப் பின்னால்.

"பாரு தம்பி!" என்று ஒன்பதாம் கல்லிலிருந்து சகலை கத்தினார். "இந்த அடிப்பாகம் இருக்கே, எந்தப் பாறையையும் விடாது!"

பாறை விட்டது. சகலை இரண்டு கையையும் விரித்தார். நிமிஷம் பதினாலு படம் எடுத்தார். எடுத்த சூட்டிலேயே, ஆறினால் பழி கெட்டுவிடும் என்று, ஒன்றைக்கூடப் பார்க்காமல் பதினாலையும் குரூப்பில் தட்டிவிட்டார்.

முதல் பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "பெரிய மாப்பிள்ளை என்ன அம்சமா இருக்காரு! சுத்திப் போடணும்."

நிமிஷம் படத்தைத் திறந்து பார்த்தார். முதல் சில படங்களில் சகலை இன்னும் விழவில்லை. விழுந்த படங்களிலும் தண்ணீர்த் திரை எழுந்து, விழுந்ததை மறைத்திருந்தது. கை இரண்டும் சிறகு போல விரிந்திருக்க, முகத்தில் காலை வெயில் மஞ்சளாகப் பூசியிருக்க, சாரலில் ஒரு வானவில் அவர் தலையைச் சுற்றி வளைந்து நின்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த வெளிச்சம் அது.

சகலை சொட்டச் சொட்டக் கரையேறி, போனை வாங்கிப் பார்த்தார். பதினாலையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். பிறகு ஈரத்தோடு நிமிஷத்தைக் கட்டிக்கொண்டார்.

"என் கல்யாணத்துக்கு எடுத்தவன்கூட என்னை இப்படி எடுக்கல தம்பி. உனக்கு என்மேல இவ்வளவு பாசமா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நிமிஷத்துக்கும் கலங்கியிருந்தது, காரணம் வேறு.

"அக்கா, இவரு அத்தானை எடுக்க மூணு வாரமா ரிகர்சல் பார்த்தாரு போல. அதான் முழங்கால்ல பாசி" என்று மனைவி வேறு சேர்த்துவிட்டாள்.

அன்றே முகப்புப் படம் மாறியது. சம்பந்தி வீட்டார் ஒன்பது பேர் குரூப்பில் சேர்ந்தபோது அவர்கள் கண்டது வானவில்லோடு நின்ற சகலையைத்தான். அந்த மட்டுக்குக் காரியம் வெற்றி. நிமிஷம் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டார்.

சகலை நன்றி மறக்காதவர். படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கடை வாசலில் மாட்டினார். மேலே 'எந்தப் பாறையையும் விடாது' என்ற வாசகம். கீழே 'படம் எடுத்தவர்: என் அன்புச் சகலை'. போனில் பார்க்கும்போது முகப்பு வட்டத்துக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டிருந்த அடிப்பகுதி, வாசலில் முழுசாக வந்திருந்தது.

நிச்சயத்துக்கு ஷூ வாங்க வந்த சம்பந்தி, குனிந்து பார்த்துக் கேட்டாராம்: "முன்னாடி பாறையில ஏதோ நிழல் தெரியுதே. நொண்டி நாயா?"

"சேச்சே, நம்ம நிமிஷம்தாங்க" என்றாராம் சகலை, பெருமையாக.

நிழலுக்கு மூன்று கால். நாலாவதில் போன் இருந்தது.