மோட்டார் கதவு

இம்பாலியில் அந்தத் தெருவை மட்டும் மின்வெட்டு அட்டவணை இரண்டாகப் பிளந்திருந்தது. இந்தப் பக்கம் இருட்டென்றால் அந்தப் பக்கம் வெளிச்சம். ஹடேபே இந்தப் பக்கம். எதிர்வீட்டு விதவை மாங்கோபோ அந்தப் பக்கம். போன மாதம் தன் ஃபிரிட்ஜில் இருக்கும் கோழிக்கறி கெட்டுவிடும், ஒரு வயர் இழுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் வந்து கேட்டாள். ஃபியூஸ் போய்விடும் என்றார் ஹடேபே. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் இல்லை.

இந்தச் சனிக்கிழமை விடிந்ததும், அவருடைய தம்பி மகள் நோசிஃபிவோவைப் பெண் கேட்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து வாசலுக்கு வெளியே நின்றார்கள். கதவு திறக்கும்வரை பெண் வீட்டாரின் குலப்பெயர்களைச் சொல்லி உரக்க அழைப்பது அவர்கள் கடமை. உடனே திறக்காமல் காக்கவைப்பது பெண் வீட்டார் கௌரவம்.

இந்தக் கௌரவத்தில் ஹடேபேக்குக் கொஞ்சம் பேராசை உண்டு. போன வருடம் வந்தவர்களை உச்சிவெயில் வரை நிறுத்திவைத்தார். அவர்கள் தொண்டை வறண்டு திரும்பிப் போனார்கள். ஈஸ்டருக்குள் அந்தப் பையனுக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து நோசிஃபிவோ பெரியப்பாவுக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள்.

"அரை மணி நேரம் நிக்க வைங்க, பெரியப்பா. அது போதும். இவங்களும் போயிட்டா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

அவளைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர் அவர். சரி என்றார். சொன்னபடியே அரை மணி நேரம் கழித்து ரிமோட்டை அமுக்கினார். இந்த வைபவத்துக்கென்றே போட்ட புது மோட்டார் கதவு அசையவில்லை.

பத்து மணிக்கு மேல்தான் மின்வெட்டு என்றிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மின்வெட்டை இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு ஏற்றி, காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த மாதிரி நேரத்துக்கென்று மோட்டாருக்குள் ஒரு பேட்டரி உண்டு. அதைக் கழற்றித்தான் நேற்றைய மின்வெட்டில் டிவி போட்டு ஃபுட்பால் பார்த்தார். அவருடைய அணியும் தோற்றது. கையால் திறக்க ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். அதைப் பத்திரமாக வைத்திருந்தார், ஆகவே கிடைக்கவில்லை. மனைவி தோகோசிலே டீத்தூள் டப்பா வரைக்கும் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

"புங்கானே! மதிம்குலு!" என்று வெளியே குரல்கள் கேட்டன. கொஞ்சம் கரகரத்திருந்தன.

நோசிஃபிவோ உள்ளறையிலிருந்து வந்து, ரிமோட்டைப் பிடுங்கித் தானே அமுக்கிப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள்.

வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் சுவரேறித்தான் வரவேண்டும். சுவரேறி வருகிறவனைச் சம்பந்தி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. அதற்குள் நால்வரில் ஒருவர் போய்க் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"மாங்கோபோ வீட்ல கரண்ட் இருக்கு" என்றாள் நோசிஃபிவோ.

ஹடேபே நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். கம்பி முனைகளுக்கு மேலே அவர் தலை தெரிந்ததும், பதில் வந்துவிட்டதென்று வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் அவர்களைத் தாண்டி எதிர்வீட்டைப் பார்த்தார். மாங்கோபோ வராந்தாவில் சுடச்சுட டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாங்கோபோ, ஒரு வயர் வேணும்."

"ஃபியூஸ் போயிடுமே, ஹடேபே."

அவர் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல நிக்கிறவங்க எப்படிக் கூப்பிடணும்னு இவங்க நாலு பேரும் காலையிலேர்ந்து பாடம் நடத்துறாங்க. நீங்க கவனிக்கலையா?" என்றாள் அவள்.

ஹடேபே திரும்பிப் பார்த்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நோசிஃபிவோ நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாங்கோபோவின் குலப்பெயர்களைச் சொல்லி அழைத்தார்.

"மாப்போலோபா! ஃபூசே! அழகான புருவக்காரங்க குலமே!"

தோகோசிலே தேடுவதை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். மாங்கோபோ இன்னொரு வாய் டீ குடித்தாள். அவர் மறுபடியும் அழைத்தார். வந்தவர்கள் நல்ல குடும்பத்து ஆட்கள். ஒரு குலத்தின் பெயர் சொல்லப்படும்போது சும்மா நிற்கத் தெரியாதவர்கள். எதற்கென்று புரியாமலே அவர்களும் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிச் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து ஆண்கள் அவளுடைய புருவத்தைப் புகழ்ந்தார்கள். மூன்றாம் முறைதான் எழுந்தாள்.

வயர் சுருளோடு வந்து கதவருகே நின்று, "அவ்வளவு கோழியையும் நாய்க்குப் போட்டேன்" என்றாள்.

"தப்பு என்னோடதுதான், மாங்கோபோ. ஃபியூஸ் நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

வயர் சம்பந்திகளின் கால்களுக்கிடையே ஓடி, கதவின் அடியில் நுழைந்து மோட்டாரைச் சேர்ந்தது. கதவு திறந்தது. எல்லோருக்கும் முன்னால் மாங்கோபோ உள்ளே வந்து நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். சம்பந்திகளில் மூத்தவர், எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறோம், பெண்ணின் பெரியப்பாவே கூடச் சேர்ந்து கூவியதை இங்கேதான் பார்க்கிறோம் என்றார். குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

பேச்சு நல்லபடியாக முடியும் நேரத்தில் இந்தப் பக்கம் மின்சாரம் வந்தது, அந்தப் பக்கம் போனது. ஹடேபே யாரும் சொல்லாமலே எழுந்து போய், வயரைத் திருப்பிப் போட்டு, ஒரு முனையைத் தன் வீட்டுச் சுவரில் செருகினார். மறுமுனை மாங்கோபோவின் ஃபிரிட்ஜுக்குப் போனது.

மத்தியானம் நோசிஃபிவோ அவருக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு வழக்கம்போலப் போகவில்லை.

"ஃபியூஸ் போயிடலையே, பெரியப்பா?"

"இல்லம்மா" என்றார். பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.