புகார்ப் பிரிவு

மின்சார அலுவலகத்தில் போனில் புகார் கேட்பது என் வேலை. யார் எவ்வளவு கத்தினாலும் பாதியில் வைக்கக் கூடாது. அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து, தையல் போட்ட இடம் புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். இழுக்கிறதா, குத்துகிறதா, இடதுபக்கம் கொஞ்சம் கூடுதலோ? கேட்டால் பதில் வராமல் போகாது.

போதாக்குறைக்கு அக்கா. ஆப்பிளை நறுக்கிக்கொண்டே, "வலிக்குதாடி?" என்பாள். சும்மா கிடந்த வலி, பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எழுந்து உட்காரும்.

"வராண்டா கடைசி வரைக்கும் நடந்து காட்டுங்க, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்," என்றார் நர்ஸ். "மாத்திரை கொடுத்தாச்சு. தையல் நல்லா இருக்கு, பிரியாது. படுத்தே கிடந்தாத்தான் வம்பு."

வீட்டுக்குப் போக ஆசைதான். என் தலையணை, என் ஜன்னல். கட்டில் விளிம்புவரை வந்தேன். பிரிந்துவிட்டால் என்ற பயத்தில் திரும்பப் படுத்தேன். இன்னொன்றும் உள்ளே இருந்தது, சொல்ல வெட்கம். அக்கா என்னை இப்படி விசாரித்து எத்தனை காலமாயிற்று! வலி போய்விட்டால் அவளும் போய்விடுவாளே.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரி. அவளுக்கும் இதே ஆபரேஷன்தான். திடீரென்று தன் கடைப் பெண்ணிடம் போனில் அலறினாள்.

"என்னது, கல்யாணப் பொண்ணு டிரஸ்ஸ மாமியாருக்குக் கொடுத்துட்டியா? போட்டுக்கிட்டாங்களா? கழட்டவே மாட்டேங்குறாங்களா!"

சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வயிற்றைப் பிடித்தபடி வெளியே நடந்தாள். "அவங்களுக்கு எப்படிடி அது பத்தும்?" என்பதுவரை கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பாதியில் வைக்கலாமா?

வராண்டாவின் கடைசி ஜன்னலருகே அவள் போனை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னங்க, நீங்க எப்ப வந்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். வராண்டாவின் அந்தக் கோடியில் அக்கா, கையில் ஆப்பிளோடு வாயைப் பிளந்து நின்றாள். அப்போதுதான் வலிக்கு விஷயம் தெரிந்தது போலிருக்கிறது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"வலிக்குதாடி?" அங்கிருந்தே கத்தினாள்.

"வலிக்குது!" பொய்யில்லை. தையல்காரியின் தோளைப் பற்றிக்கொண்டேன். "அது கெடக்கட்டும். மாமியார் கழட்டினாங்களா இல்லையா?"

"அந்தக் கூத்த நடந்துகிட்டே சொல்றேன், வாங்க."

அக்கா ஆப்பிளைக் கடித்துக்கொண்டே எங்களை நோக்கி வேகமாக வந்தாள்.

"இருங்க, இருங்க! எந்த மாமியாரு?"